யார் கொடுத்த சான்றிதழ், எந்த வேலைக்கு?

பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் கைப்பேசிக்கு வரும் விளம்பரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "120 மணி நேர டெஃபல் சான்றிதழ். சர்வதேச அங்கீகாரம். மத்திய அரசுப் பதிவு பெற்றது. வீட்டிலிருந்தே படிக்கலாம். வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை உறுதி. இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்."

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் பயிற்சிக்குப் பொதுப்பெயர்தான் டெஃபல். டெசால் என்பதும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டுமே ஒரு தேர்வின் பெயரோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோ அல்ல. யார் வேண்டுமானாலும் இந்தப் பெயரில் பாடம் தயாரித்துச் சான்றிதழ் அச்சடிக்கலாம். கேட்க உலகப் பொதுவான அமைப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் சில ஆயிரம் ரூபாய்க்கும் டெஃபல் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேலும் கிடைக்கிறது.

"இந்தச் சான்றிதழுக்கு அங்கீகாரம் உண்டா?" என்று கேட்டால் விற்பவர் "உண்டு" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியது வேறு: எந்த வேலைக்கு, எந்த ஊரில், யார் இதை ஏற்பார்கள்? வேலையை முதலில் முடிவு செய்தால் எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தலைகீழாகப் போகிறவர்களே பணத்தை இழக்கிறார்கள்.

உள்ளூர் வேலைக்கு எது செல்லும்?

அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் வேண்டும். டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். அதன்பின் டி.ஆர்.பி. எனப்படும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ., பி.எட்., டி.ஆர்.பி. தேர்வு. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு நெட், செட் அல்லது பிஎச்.டி. இந்த வரிசையில் எந்த இடத்திலும் டெஃபலுக்கு வேலை இல்லை.

தனியார் பள்ளிகளுக்கும் விதி உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த குறைந்தபட்சத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். "டெஃபல் முடித்தால் பி.எட்.டுக்குச் சமம்" என்று யாராவது சொன்னால், அதை நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பி.எட்.டிலும் ஏமாற்று உண்டு. "வகுப்புக்குப் போகவே வேண்டாம், வெளி மாநிலத்தில் முடித்துத் தருகிறோம்" என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அந்தக் குழுமத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரியானால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி, இணையவழி டியூஷன் ஆகியவற்றுக்குச் சட்டம் எந்தத் தகுதியையும் கட்டாயமாக்கவில்லை. ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ சொந்தமாக மையம் தொடங்குபவருக்கு நல்ல பயிற்சி நிச்சயம் உதவும். அங்கே வாசலில் மாட்டும் சான்றிதழைப் பார்த்துப் பிள்ளைகள் நிலைப்பதில்லை, வகுப்பு நன்றாக இருந்தால்தான் நிலைப்பார்கள்.

வெளிநாடு: முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டை

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வெளிநாட்டு வேலை புதிதல்ல. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போகாத ஊர் குறைவு. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் அது தலைமுறைகளின் பிழைப்பு. அந்த நம்பிக்கையின் மேல்தான் "ஆசிரியர் வேலை" என்ற புதுப் பேச்சு விற்கப்படுகிறது.

ஆனால் ஆங்கில ஆசிரியர் விசாவில் பல நாடுகள் முதலில் பார்ப்பது குடியுரிமையை. தென் கொரியாவின் இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கு உரியது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்குத் துணை ஆசிரியர் என்ற அளவில் ஒரு சிறு வழி திறந்தது. அதற்கும் பட்டத்தோடு முறையான ஆசிரியர் தகுதி வேண்டும். அதாவது அங்கேயும் எடுபடுவது பி.எட்.தான்.

சீனாவும் மொழி ஆசிரியர் வேலையில் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கே பொதுவாக முன்னுரிமை தருகிறது. தாய்லாந்துப் பள்ளிகளில் வேலை பார்க்க நான்-இமிகிரன்ட் பி விசா, வேலை அனுமதி, 'குருசபா' எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் உரிமம் அல்லது தற்காலிக அனுமதி ஆகியவை வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டவரிடம் டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள். வியட்நாம் வேலை அனுமதிக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ் இரண்டும் வேண்டும். வளைகுடாவின் முறையான பள்ளிகள் பட்டத்தையும் பி.எட்.டையும்தான் முதலில் கேட்கின்றன.

பட்டம் இல்லாதவருக்கு டெஃபல் மட்டும் வைத்து முறையான விசா கிடைப்பது மிக அரிது. பட்டம் இருப்பவருக்கும் நாட்டுக்கு நாடு விதி மாறும், அடிக்கடியும் மாறும். போக நினைக்கும் நாட்டின் தூதரகத் தளத்தில் அன்றைய விதியைப் படிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

ஆவணச் சான்றளிப்பையும் மறக்கக் கூடாது. இந்தியப் பட்டத்தை வெளிநாடு ஏற்க, முதலில் மாநில அரசு அதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அப்போஸ்டில் எனப்படும் அந்த முத்திரையே போதும், மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றும் வேண்டும். பெயர் தெரியாத இணைய நிறுவனத்தின் பி.டி.எஃப். சான்றிதழ் இந்தப் படிகளில் முதல் படியையே தாண்டாது.

நல்ல பயிற்சியின் அடையாளம்

உலக அளவில் வேலை கொடுப்பவர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் தொடக்கநிலைத் தகுதிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. மற்றது லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசால். செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, ட்ரினிட்டியில் 130 மணி நேரம். இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பயிற்சி மையத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து தரத்தைச் சரிபார்ப்பார். இங்கிலாந்தின் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பின் பட்டியலில் இரண்டுமே ஐந்தாம் நிலையில் உள்ளன.

அந்த 6 மணி நேரத்தில் நடப்பது இதுதான். பயிற்சி பெறுபவர் நிமிடக் கணக்கோடு பாடத் திட்டம் எழுதிக் கொடுக்கிறார். முக்கால் மணி நேரம் போலப் பாடம் எடுக்கிறார். பின்வரிசையில் பயிற்றுநர் குறிப்பெடுக்கிறார், உடன் படிப்பவர்களும் பார்க்கிறார்கள். முடிந்ததும் விவாதம்: நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள்? "ஐ ஹேவ் லிவ்ட் இன் அரியலூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்ற வாக்கியத்தை நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். அப்படிக் கேட்கக் கூடாது என்று அங்கே பழக்குகிறார்கள். "அவர் இப்போதும் அரியலூரில்தான் இருக்கிறாரா? எப்போது வந்தார்?" என்று கேட்டால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தைக் காணொளி பார்த்து, கொள்குறி வினாவுக்கு டிக் அடித்துக் கற்க முடியாது. யாருமே பார்க்காமல் கிடைக்கும் ஆசிரியர் சான்றிதழ், எட்டுப் போடாமல் வாங்கிய லைசென்ஸ் மாதிரி. ஆகவே எந்தப் பயிற்சியானாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நான் உண்மையான மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுப்பேன்? அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்?" 2020க்குப் பிறகு செல்டாவை முழுக்க இணையவழியிலும் படிக்க முடிகிறது. அதிலும் பாடம் எடுக்கும் பகுதி நேரலையில் நடக்கிறது. இணையவழி என்பதாலேயே ஒரு பயிற்சி மட்டம் என்று ஆகிவிடாது, பாடம் எடுக்கும் பகுதியே இல்லாததுதான் குறை.

செல்டாவுக்குக் கட்டணம் பொதுவாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். உள்ளூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்த நினைப்பவர் நகையை அடகு வைத்து அதைப் படிக்கத் தேவையில்லை. கேம்பிரிட்ஜின் டி.கே.டி. என்ற கற்பித்தல் அறிவுத் தேர்வு செலவு குறைந்தது. தனித்தனித் தாள்களாக எழுதலாம், தேர்ச்சி தோல்வி கிடையாது, 1 முதல் 4 வரை நிலை தருவார்கள். ஆனால் அதில் பாடம் எடுத்துக் காட்டும் பகுதி இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல், லிங்குவாஸ்கில் எல்லாம் உங்கள் ஆங்கிலத் திறனை அளக்கும் தேர்வுகள். அவற்றில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் ஆசிரியர் பயிற்சி பெற்றதாக ஆகாது. கேம்பிரிட்ஜ் என்ற பெயர் தாளில் இருந்தாலும் இதே நிலைதான்.

இந்தியாவிலேயே உள்ள வழிகள்

1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாக ஹைதராபாத்தில் தொடங்கி, 2007 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாக இயங்கும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ், முதுநிலைப் பட்டயப் படிப்புகளை நடத்தி வருகிறது. இக்னோவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பு உண்டு. தனியார் மையம் கேட்கும் தொகையோடு இவற்றின் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகச் சான்றிதழ் என்பதால் பின்னாளில் சரிபார்ப்பதும் எளிது. தொலைநிலைப் படிப்பில் சேரும் முன், அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

விளம்பரச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால்

"மத்திய அரசுப் பதிவு பெற்றது" என்றால் பெரும்பாலும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவாக இருக்கும். ஆதார் எண் வைத்துச் சுய அறிவிப்பாக, இலவசமாக, எந்தத் தொழிலுக்கும் எடுக்கலாம். பாடத்தின் தரத்தை அதில் யாரும் சோதிப்பதில்லை.

"ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது" என்றால் பெரும்பாலும் அலுவலக நிர்வாக முறைக்கான சான்று. கற்பித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"நிதி ஆயோக்கில் பதிவானது" என்றால் தர்பண் தளத்தில் தொண்டு நிறுவனமாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

"சர்வதேச அங்கீகாரம்" என்றால் அங்கீகரித்தவர் யார் என்று பாருங்கள். சில நிறுவனங்கள் தாங்களே ஒரு 'அங்கீகார வாரியம்' தொடங்கித் தங்களுக்கே முத்திரை குத்திக்கொள்கின்றன.

"ஆஃப்குவால் ஐந்தாம் நிலை" என்றால் ஆஃப்குவாலின் பொதுப் பதிவேட்டில் அந்தத் தகுதியின் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே இருந்தால் தகுதி உண்மை. ஆனாலும் பாடம் எடுக்கும் பகுதி அதில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆஃப்குவால் அங்கீகரித்த அமைப்பு ஒரு பயிற்சியை "ஆமோதித்தது" என்று மட்டும் இருந்தால், அந்தப் பயிற்சி பதிவேட்டில் உள்ள தகுதி ஆகாது.

"வேலை உறுதி" என்றால் விசாரிக்கவே தேவையில்லை, விலகிவிடுங்கள்.

பணம் கட்டும் முன்

கட்டணம், பாட நேரம், சான்றிதழ் வழங்கும் அமைப்பின் பெயர், பாதியில் விலகினால் திருப்பித் தரும் தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ரசீது இல்லாமல் கட்டிய பணத்துக்குப் பின்னால் போடும் வழக்கு நிற்பது கடினம். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

"வட்டியில்லாத் தவணை" என்று சொல்லிக் கைப்பேசியில் ஓ.டி.பி. கேட்டால் நிதானியுங்கள். பல இடங்களில் அது நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். பயிற்சியை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் எனப்படும் கடன் மதிப்பெண் விழும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடனின் முழு விவரத்தையும் ஒரு தாளில் முன்கூட்டியே தர வேண்டும். அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. மீறினால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம்.

அசல் மதிப்பெண் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. ஏஜென்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை.

பயிற்சி மையமே வெளிநாட்டு வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னால், அது 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பதிவு பெற்ற முகவர்தான். சந்தேகம் இருந்தால் அங்கே விசாரித்துவிடுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பி ஏறாதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் 5 அன்று மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்திறங்கினார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டதும் நல்ல சம்பளம், சுலப வேலை என்பதுதான். வேலையின் பெயரை மட்டும் "ஆசிரியர்" என்று மாற்றினால் அதே வலையை மறுபடி விரிக்கலாம்.

ஏமாந்துவிட்டால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். நடந்தது, கட்டிய தொகை, கேட்கும் தீர்வு, பதில் தர 15 நாள் அவகாசம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் சரி, பெங்களூரில் இருந்தாலும் சரி, பெரம்பலூர்க்காரர் பெரம்பலூரிலும் அரியலூர்க்காரர் அரியலூரிலும் மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கல்லூரி, பல்கலைக்கழகம் மீதான வழக்குகளில் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்பதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. ஆனால் பயிற்சி மையங்கள் வரம்புக்குள் வரும் என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாக விளம்பரம் செய்தவர்கள் கல்லூரியாக இருந்தாலும் தப்பவில்லை. மகத் பல்கலைக்கழக இணைப்பும் பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரமும் இருப்பதாகச் சொல்லி மாணவர்களைச் சேர்த்த பீகாரின் புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி, கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சித் துறையின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறைகள் வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி போன்ற பொய் வாக்குறுதிகள் அதில் தடை செய்யப்பட்டுள்ளன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இணையத்தில் பணம் பறிபோனால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. போலிச் சான்றிதழ், போலி வேலை என்றால் அது மோசடிக் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போகலாம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதன் எண் 15100. வெளிநாட்டு வேலை தொடர்பான புகாருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090, அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793.

ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தில்தான் அதே ஆள் அடுத்த ஊரில் கடை விரிக்கிறார். ஆங்கிலம் கற்பிப்பது நல்ல தொழில், அதற்கு நம் ஊர்களில் தேவையும் இருக்கிறது. படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த வேலைக்கு, யார் ஏற்பார்கள், நான் பாடம் எடுப்பதை யார் பார்ப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் சேராதீர்கள்.